அண்ணன் போட்டதாக நினைத்த பூட்டு

பல்செட்டுக்காரர் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் முப்பத்தோரு வருடமாக வேலை பார்த்துவந்தவர். யார் யாருடைய ஈறோ அச்சாகி, சீட்டு ஒட்டப்பட்டு, அவருடைய அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மெழுகை உருக்கி, பல்லை ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் மோட்டாரில் மெருகு போடுவார். கடிக்கும்போது மயிரிழை உயரம் தட்டினாலும் விடமாட்டார், திரும்ப உட்கார்ந்து தேய்ப்பார். அந்தப் பொறுமையில் ஒரு சிட்டிகையை வீட்டுக்கும் கொண்டு வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

அவருக்கு ஒரே அண்ணன், இரண்டு வயது மூத்தவர். வேறு நாட்டில் மகன் வீட்டோடு இருந்தார். காது சுத்தமாகக் கேட்காது, போனைக் கையில் கொடுத்தால் வீசாத குறையாகத் திருப்பிக் கொடுப்பார். அதனால் இருவருக்கும் பேச்செல்லாம் அண்ணனின் இணையதளத்தில்தான். சனிக்கிழமை காலையில் அண்ணன் அதில் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் போடுவார். தம்பி பத்து மணிக்குள் முடித்துவிட்டு, கீழே கருத்து எழுதும் இடத்தில் விடையோடு முழங்கால் வலி, பக்கத்து வீட்டு வம்பு எல்லாவற்றையும் கொட்டுவார். வரிக்கு வரி அண்ணனிடமிருந்து பதில் வரும். ஒன்பது வருடம் இப்படியே போனது.

ஒரு சனிக்கிழமை, போன வாரம் கேட்ட அதே குறிப்பை அண்ணன் திரும்பவும் கேட்டிருந்தார். ஒன்றல்ல, மூன்று. தம்பிக்கு வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, போன வாரம் கேட்டதையே கேட்டிருக்கியே! மூளை மழுங்கிடுச்சுன்னா கடையைக் கட்டிட வேண்டியதுதானே?" என்று எழுதிவிட்டார். அடுத்த கணமே மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் அழிக்கவில்லை.

அன்று சாயங்காலம்தான் இன்னொரு காரியமும் செய்தார். இங்கே காட்டாத ஒரு கால்பந்துப் போட்டியைப் பார்க்க வேண்டும். வேறு நாட்டிலிருந்து பார்ப்பதுபோல் காட்டிக்கொள்ள ஒரு இலவச விபிஎன் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, இறக்கிப் போட்டார். ஓசி என்றால் விடுவாரா? என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி படிக்காமல், கேட்ட இடத்திலெல்லாம் 'சம்மதம்' அழுத்தினார். மேட்ச் ஜோராக ஓடியது.

மறுநாள் அண்ணனின் தளத்தைத் திறந்தால் வெள்ளைத் திரையில் ஒரே வாக்கியம்: 'இந்தத் தளத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. நீங்கள் தடுக்கப்பட்டிருக்கிறீர்கள்.'

அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மருந்துக் கடையின் தளமும் அந்த வாரம் அவரைத் தடுத்தது. பஸ் டிக்கெட் தளம், மனிதனா இயந்திரமா என்று கேட்டுச் சைக்கிள் படங்களைப் பொறுக்கச் சொன்னது. அதற்கெல்லாம் சிரித்தார். அண்ணன் வீட்டுக் கதவை மட்டும் அண்ணனே சாத்திவிட்டதாக நம்பினார்.

"உங்கண்ணனா? அவருக்கு ஒருத்தரைத் தடுக்கத் தெரியுமா?" என்றாள் மனைவி. "என் போன்ல திறந்து பார்க்கறேன், இருங்க."

"தொடாதே! அண்ணன் சாத்தினாரு, அண்ணனே திறக்கட்டும்."

"ஒரு லெட்டராவது போடுங்களேன். வாயால கெடுத்ததைக் கையால சரி பண்ணுங்க."

"நான் ஏன் போடணும்? கூடப் பிறந்தவனை வெளியே நிறுத்தினது யாரு?"

அட மனுஷா! மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மதியம் சாப்பிட்ட கையோடு ஒரு தடவை அதில் தட்டிப் பார்த்திருக்கலாம். பதினோரு மாதம் அதைக் கடந்து கை கழுவப் போய்வந்தார்.

கடைசியில் மேட்ச் நடுவில் படம் நின்று நின்று ஓடவே, இணைய இணைப்புக் கம்பெனிக்குப் புகார் செய்தார். வந்த பெண் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் குடைந்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சார், இதை யாரு போட்டது? இந்த விபிஎன்ல நீங்க அடுத்தவங்க லைன் வழியா வெளியே போறீங்க. அதுக்குப் பதிலா முன்பின் தெரியாதவனெல்லாம் உங்க லைன் வழியா போறான். எவனோ எங்கேயோ வாலாட்டியிருப்பான், கெட்ட பேரு உங்களுக்கு. அதான் தளமெல்லாம் தானாவே உங்களைத் தடுக்குது."

"தானாவேன்னா? ஆள் யாரும் தடுக்கலையா?"

"ஆளா? யாருக்கு சார் அவ்வளவு நேரமிருக்கு?"

அவள் அதை நீக்கி, இணைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். பல்செட்டுக்காரர் கதவைக்கூடச் சாத்தாமல் வந்து உட்கார்ந்தார். தளம் திறந்தது.

அவர் கடைசியாக எழுதியதற்குக் கீழே அன்றைக்கே பதில் இருந்தது. 'ஆமாண்டா, நீ சொன்னது சரிதான். எப்படி விட்டேன்னு எனக்கே புரியல. பயமா இருக்கு.'

அடுத்த சனிக்கிழமை: 'விடை எங்கே? கோபமா?' அதற்கடுத்து: 'திட்டறதுக்காவது வாடா.' வாரம் போகப் போகப் புதிர் சிறுத்துக்கொண்டே வந்தது, ஒரே குறிப்பு நாலைந்து இடத்தில் இருந்தது. ஆறாம் மாதத்தில் ஒரு வரி: 'வார்த்தை சிக்க மாட்டேங்குது. நீ வந்தா ரெண்டு பேருமா சேர்ந்து போடலாம்.' அதற்குப் பிறகு வந்தவை குறிப்பே இல்லாத வெறும் கட்டங்கள்.

அவர் வாய்விட்டு அழுதார். மனைவி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். 'அண்ணே, நான் வந்துட்டேன். நீ தடுத்துட்டேன்னு நினைச்சுட்டேன். தப்பு முழுக்க என்னுது. என்னை மன்னிச்சுடு.'

இரண்டு நாள் திரையைவிட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் அண்ணனின் மருமகள் பதில் எழுதியிருந்தாள்.

'சின்ன மாமா, நீங்க எழுதினதை மாமாகிட்ட காட்டினேன். அவரால இப்போ சரியா படிக்க முடியல, அதனால பெரிய எழுத்துல எழுதி, சைகை காட்டி, எப்படியோ புரிய வச்சேன். உங்க தம்பி எழுதியிருக்காருன்னு எழுதிக் காட்டினேன். சிரிச்சுட்டுத் தலையாட்டறார். "அவனா இருக்காது. அவன் என்மேல கோபமா இருக்கான், எழுத மாட்டான்"ங்கறார்.'