அச்சுக்குக் கீழே இருந்த முக்கோணம்

மாரியம்மனை நம்பி வாழ்கிற உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

எழுபத்தைந்தாம் வருஷம். கொல்லங்கோட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடம் முடிந்து படித்த பிரீ டிகிரியில் கணக்கில் தோற்றுவிட்டேன். அப்பா பக்கத்துக் கோபாலபுரத்தில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துவிட்டு, "இன்னொருக்கா எழுது கண்ணு. இதுலயும் போச்சுன்னா கண்ணாலந்தான்" என்றார்.

ஒரு மாசம் சோறு இறங்கவில்லை. படித்தேன், மறந்தேன், மறுபடி படித்தேன். கோயிலில் போய் நின்றாலும் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை.

பாலக்காட்டில் பரீட்சை. சித்திரை வெயில். கேள்வித்தாளைப் பார்த்ததும் பாதி மறந்துபோனது. ஒரு கணக்கில், x கழித்தல் இரண்டு என்பதைப் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை தொகையிடச் சொல்லியிருந்தார்கள். படம் வரைந்து, பரப்பை வைத்தே விடை காண வேண்டும். எனக்கு உயிர் வந்தது. வரைந்தால் இரண்டு முக்கோணம். வயலில் மூலைத்துண்டை அளக்கிற மாதிரிதான், அடியில் பாதியை உயரத்தால் பெருக்கினேன். அச்சுக்கு மேலே எட்டு, கீழே இரண்டு. கூட்டிப் பத்து என்று எழுதிவிட்டேன். உழுகிற காட்டுக்காரன் மகள் புத்தி வேறெப்படிப் போகும்? வரப்புக்கு மேலே கிடந்தாலும் கீழே கிடந்தாலும் நிலத்தை எங்களுக்குக் கூட்டித்தான் பழக்கம்.

ஆனால் உட்கார முடியவில்லை. என்னமோ உறுத்திக்கொண்டே இருந்தது. மற்ற கணக்குகளைப் புரட்டினேன், திரும்ப இங்கேயே வந்தேன். இன்னும் பத்து நிமிஷம்தான். கண்ணை மூடி, "ஆத்தா, எங்க தப்புப் பண்ணியிருக்கறேன்னு காட்டு" என்று கேட்டேன். குனிந்த நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி, கீழ் முக்கோணத்தின் மேல் விழுந்து மை கலங்கிவிட்டது. அழுகையே வந்துவிட்டது. ஓரத்தில் மறுபடி வரைந்தேன். பூஜ்யத்தில் கோட்டின் உயரத்தைக் குறிக்கும்போது கை கழித்தல் இரண்டு என்று எழுதியது. அப்போதுதான் உறைத்தது, அச்சுக்குக் கீழே இருப்பதைக் கழிக்க வேண்டும். எட்டில் இரண்டு போனால் ஆறு. எழுதி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

சரியாகப் பாஸ் மார்க்தான் வந்தது, அதற்கு மேலே ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு கணக்கு போயிருந்தால் எல்லாமே போயிருக்கும். அப்பாவே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், புள்ள படிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வேர்வை எல்லோருக்கும்தான் சொட்டும் என்பார்கள். சொட்டட்டும். எனக்கு அது விழுந்த இடம் அவள் காட்டிய இடம். நீங்களும் நம்பிக் கேளுங்கள். படித்துவிட்டுக் கேளுங்கள், அவ்வளவுதான்.

இன்றைக்கு நான் கணக்கு டீச்சர். பரீட்சை நடக்கும்போது ஒரு பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடினால், நேரமாச்சு என்று நான் சொல்வதில்லை. அவளுக்காக நானும் ஒரு தடவை ஆத்தாவைக் கூப்பிடுகிறேன்.