ஓட்டத் தெரிந்தவன்

என் அண்ணன் சிக்கந்தர், விமானப்படைக்கு எழுதிப் போடும் முன்பே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டான். அது அத்தாவின் யோசனை.

எங்கள் அத்தா சையத் இப்ராஹிமுக்கு மலைமேல் ஒண்டிக்கடை என்ற ஊரில் மளிகைக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஏழாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கடைப் பேச்சையெல்லாம் கேட்பேன். மலையில் ஓட்டிப் பழகாதவனிடம் எந்த எஸ்டேட்டும் ஜீப் சாவியைக் கொடுக்காது என்பது அங்கே அடிக்கடி வரும் பேச்சு. சேலத்தில் வருஷக்கணக்காக லாரி ஓட்டியவனும் மேலே வந்தால் யாரிடமாவது கிளீனராக இருந்து வளைவுகளைப் பழக வேண்டும். அதற்குப் பிறகுதான் எஸ்டேட்டில் கணக்கும் ஆளும் பார்க்கும் ரைட்டர் அவன் பெயரையே கேட்பார்.

எண்பத்து மூன்றில் அண்ணன் பி.எஸ்சி. முடித்துவிட்டு, விமானப்படைக்கு எழுதட்டுமா என்று கேட்டபோது அத்தாவுக்கு அந்த வழக்கம்தான் நினைவுக்கு வந்தது.

"ஒண்ணுமே தெரியாமப் போய் நின்னா சாவி குடுப்பானா? கத்துக்கிட்டுப் போ கண்ணு. ஓட்டிக் காட்டு."

"அவங்களே கத்துக் குடுப்பாங்களாம் அத்தா."

"தெரிஞ்சவன் வந்தா அவனுக்கும் வேலை கம்மிதானே?"

எஸ்டேட் ஜீப் ஓட்டும் குழந்தைவேல் தராசுப் பக்கம் நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க பாய், பையன் பிளேனை ஏரியில எறக்குவானுங்களா, உங்க ஊட்டு மேல எறக்குவானுங்களா? ஊட்டு மேலன்னா கூரை ஓடெல்லாம் மாத்தி வைங்க" என்றார். அத்தாவும் சிரித்தார்.

நாகலூரில் எங்களுக்கு இருந்த காப்பித் தோட்டம் விலைபோயிற்று. என் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தது அது. அந்த வருஷம் தோட்டத்து மிளகு இல்லாமல், முதல்முறையாக அம்மா கடை மிளகை எடுத்து வந்தாள்.

அண்ணன் வெளியூரில் ஒரு பயிற்சிக் கிளப்பில் சேர்ந்தான். விமானம் பழுது, வாத்தியார் லீவு, மழை என்று நாள் இழுத்துக்கொண்டே போயிற்று. விமானப்படை வைத்திருந்த வயது வரம்பும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கு வந்தால் அடுப்படியில் உட்கார்ந்து என்னிடம் சொல்வான்.

"மீட்டர் முள்ளையே பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது ரபியா. பிளேன் சாயறது நம்ம உடம்புக்கே தெரியும். அது சொல்றபடி கையை அசைக்கோணும். வாத்தியார் என்னைய நொம்ப மெச்சுனாரு."

வயது தாண்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், மைசூரில் நடக்கும் விமானப்படைத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. எழுத்து, பேச்சு எல்லாவற்றிலும் தேறினான். கடைசியில் ஒரு மெஷின். பெட்டி மாதிரி ஒன்றில் உட்கார வைத்தார்களாம். கையில் ஒரு தடி, காலில் பெடல். எதிரே ஓடும் வெளிச்சப் புள்ளியைக் கட்டத்துக்குள் பிடித்து நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். அண்ணன், உடம்பு சொல்லட்டும் என்று காத்திருந்தான். இருக்கை ஆடவேயில்லை. புள்ளி நழுவிக்கொண்டே இருந்தது.

"மறுபடி எப்பக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டார் அத்தா.

"கூப்பிட மாட்டாங்க. அந்த மெஷினு ஆயுசுக்கு ஒருக்காத்தான்."

"உனக்கு ஓட்டத் தெரியும்னு சொன்னியா?"

"சொன்னேன். நல்லதுன்னாங்க. மார்க்குல சேராதுன்னாங்க. எம் பக்கத்துல உக்காந்தவன் பிளேனை ஆகாசத்துலதான் பாத்திருக்கான். அவன் தேறிட்டான்."

அத்தா தராசுத் தட்டைத் துடைத்தார். "ரைட்டரைப் பாக்காம வந்துட்டியோ என்னமோ" என்றார்.

தரையில் வேலை இருக்கிறது, அதற்கு எழுதிப் போடு என்று அங்கே சொன்னார்களாம். அண்ணன் எழுதவில்லை. பயணிகள் விமானம் ஓட்டும் லைசென்ஸுக்கு இன்னும் எவ்வளவோ பறக்க வேண்டும். அதற்கு விற்க எங்களிடம் தோட்டம் இல்லை.

இரண்டு வருஷம் கடைக்குள்ளேயே கிடந்தான். பிறகு எஸ்டேட்டில் டிரைவர் வேலை காலி என்று கேட்டுப் போனான். "மலையில ஓட்டியிருக்கியா தம்பி?" என்றார் ரைட்டர் வெங்கடாசலம். அண்ணன் ஓட்டியதில்லை. குழந்தைவேலிடமே கிளீனராகச் சேர்ந்து, ஏற்றத்தில் டயருக்குக் கல் வைத்தான். பிறகு சாவி கிடைத்தது.

ஒருமுறை அவனோடு ஜீப்பில் வெள்ளக்கடை ஊர்வரை போனேன். வளைவில் ஜீப் சாய்ந்தபோது, "இது ஆடுது பாரு" என்றான்.

இப்போது அத்தாவுக்குக் கண் மங்கிவிட்டது. நினைவு நன்றாகத்தான் இருக்கிறது. போன வாரம் நாகலூர் முத்தாயி உப்பு வாங்க வந்தாள். தினமும் அண்ணன் ஜீப்பில் வேலைக்குப் போகிறவள். அவளிடமே அத்தா சொன்னார்:

"பையன் பட்டாளத்துல பிளேன் ஓட்டறான். இப்ப லீவுல வந்திருக்கான்."

வாசலில் அண்ணன் ஜீப்பிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். முத்தாயி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமாங்க பாய். திரும்ப எப்பப் போறாருங்க?"

"கூப்பிடுவாங்க" என்றார் அத்தா.

அண்ணன் அடுத்த மூட்டைக்குக் குனிந்தான்.