கேள்வி மட்டும் கேட்கலாம்

என் பெரியப்பா மகள் என்னைவிடச் சில வாரங்களே மூத்தவள். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது பம்மலில் எங்கள் வீட்டுச் சட்டம். பத்தாம் வகுப்பில் இருவருக்கும் ஒரே செக்‌ஷன். கணக்கில் அவள்தான் முதல். என் பெருமையெல்லாம் த்ரோபால் டீமோடு முடிந்துவிடும்.

ரிவிஷன் வந்தால் பி.டி. பீரியடையும் கணக்கு டீச்சரே எடுத்துக்கொள்வார். அந்த வருடம் என்ன தோன்றியதோ, ஒரு போட்டி வைத்தார். வகுப்பைக் குழு குழுவாகப் பிரித்தார். சீட்டில் யார் பேர் வருகிறதோ அவர் போர்டில் கணக்குப் போட வேண்டும். அவருடைய குழு விடை சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். ஜெயிக்கிற குழுவுக்குக் கடைசி பீரியட் பி.டி. எனக்கு வாயெல்லாம் பல்.

அக்காவும் என் குழுதான். போட்டிக்கு முதல்நாள் மொட்டை மாடியில் எனக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள். கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து கப்பலைப் பார்க்கும் கணக்கு.

"கோணத்த ஏன் மேல போடணும்? அங்க யாரு நிக்கறா?" என்று நச்சரித்தேன்.

"கைடுல அப்படித்தான் இருக்கு. பேஜார் பண்ணாம எழுதுடி" என்று எரிந்து விழுந்தாள்.

மறுநாள் மற்ற குழுக்கள் எல்லாம் கோட்டை விட்டன. எங்கள் சீட்டில் அக்காவின் பேர் வந்தது. என் பேர் வரவில்லை என்றதும் எங்கள் குழுவுக்கே உயிர் வந்தது. ஆனால் டீச்சர் கணக்கை மாற்றிவிட்டார். பொழிச்சலூர் மேலே இறங்கும் விமானத்தைப் பள்ளி வாசலில் நின்று பார்க்கிறோம். அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? அக்கா மளமளவென்று கலங்கரை விளக்கத்தை வரைந்து, கோணத்தை உச்சியில் போட்டாள். அப்புறம் கை ஓடவில்லை. முன் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். என் பி.டி. பீரியட் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, யாரு நின்னு பாக்கறா?" என்று கத்தினேன்.

முறைத்தாள். "நாமதான்."

"எங்க நிக்கறோம்?"

"கீழ. ஸ்கூல் வாசல்ல."

"அப்போ கோணம் எங்க வரும்?"

டஸ்டரை எடுத்துக் கலங்கரை விளக்கத்தை ஒரே இழுப்பில் அழித்தாள். கோணம் தரைக்கு வந்தது. அதற்குப் பிறகு அவள் எங்கேயும் நிற்கவில்லை. டீச்சர் "கரெக்ட்!" என்றதும் நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்தார். மொத்த வகுப்பும் ஜன்னல் வழியே வயிறெரிந்து பார்க்க, நாங்கள் மட்டும் கிரவுண்டில் ஆடினோம். பந்தையே தொடாத அக்காவும் அன்று ஆடினாள். அவ்வளவு சந்தோஷமாக நான் வீடு திரும்பிய நாள் வேறில்லை.

ஷேர் ஆட்டோவில் அக்கா மெதுவாகக் கேட்டாள்: "இனிமே தினமும் என்கூட உக்காந்து படிக்கிறியா?"

என் மார்க்கைப் பார்த்து இரக்கப்படுகிறாள் என்று நினைத்தேன். போனால் போகிறது என்று சரி சொன்னேன். அன்றைக்கு உதவி கேட்டது அவள்தான் என்பது எனக்குப் புரியவே இல்லை.