நாலரைக் கட்டைக்கு ஏறிய கிட்டார்

செக்காலையில் சைக்கிள் கடைக்கு மேலிருந்த அறையில் அன்று சாயங்காலம் நான்கு பேர் இருந்தோம். ஆர்மோனியம் வாசிக்கும் என் கல்லூரித் தோழன், ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த அவனுடைய அக்கா, தபேலாக்காரர், கிட்டாரோடு நான். வராதவர் எங்கள் பாட்டுக்காரர். மெட்ராஸில் வேலை கிடைத்து, சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் ரயிலேறிவிட்டார். பள்ளத்தூரில் ஒரு கல்யாண வரவேற்புக்கு ஒப்புக்கொண்டிருந்தோம். எங்கள் குழுவுக்கு வந்த முதல் கல்யாணம் அது.

"நான் பாடுறேன்" என்றார் அக்கா.

தோழன் வழக்கம்போல, பாட்டுக்காரருக்கு வைக்கும் ஒரு கட்டையில் ஆர்மோனியச் சுருதி பிடித்தான். அக்கா இரண்டு வரி பாடி நிறுத்திவிட்டார்.

"இது ஆம்பளக் குரலுக்குடா. கெணத்துக்குள்ள எறங்கிப் பாடுற மாதிரி இருக்கு. நாலரைக்குப் போ."

அவன் நாலரைக் கட்டைக்குப் போனான். தபேலாக்காரர் வேறொரு தபேலாவை எடுத்து வைத்துக்கொண்டார். நான் மட்டும் போகவில்லை. போகத் தெரியவில்லை.

அந்தக் கிட்டார் தபேலாக்காரரின் சித்தப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. கூடவே ஒரு இங்கிலீஷ் கையேடு. அதிலும் முதல் சில பக்கங்கள்தான் மிஞ்சியிருந்தன. அதைப் படித்துப் புரிந்துகொள்வேன் என்றுதான் கிட்டாரை என்னிடம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுதியிருப்பதை மனப்பாடம் செய்தால் பாஸாகிவிடலாம் என்பதுதான் அதுவரை நான் கண்ட படிப்பு. அதனால் கையேட்டிலிருந்த ஒரே ஒரு ஸ்கேலை, ஒரு கட்டையில் வரும் ச ரி க ம ப த நி-யை, மருந்துக்கடைப் பிளாஸ்திரியில் மையால் எழுதி, கிட்டாரின் கழுத்தில் விரல் வைக்கவேண்டிய கட்டங்களிலெல்லாம் ஒட்டிவைத்திருந்தேன். ஏழில் ரி, ப, நி மூன்றுக்கு மட்டும் பிளாஸ்திரி இல்லை; அவை விரலே வைக்காமல் வெறுங்கம்பியை மீட்டினால் வருபவை. அந்த ஏழு எழுத்துக்கு மேல் எனக்குக் கிட்டார் கிடையாது.

அக்கா எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி, ஒன் 'ச'வுக்குக் கால் கெடையாதா? ஒட்டுன எடத்தவிட்டு நகராதா?"

தபேலாக்காரர் சிரித்துவிட்டார். "காலு இருக்கும்த்தா. பிளாஸ்திரி போட்டுருக்குல்ல, காயம் ஆறட்டும்."

தோழன் சிரிக்கவில்லை. "மாப்ள, ஞாயித்துக்கெழம காலைல வா. நாலரையில வாசிச்சா நீ. இல்லாட்டி மதுரையிலேருந்து ஆளக் கூப்புடணும். வேற வழி இல்ல."

மதுரைக்காரர் வந்தால் அவர் சொந்தக் கிட்டாரோடு வருவார். குழுவில் எனக்கு வேலையிருக்காது. பினாங்குக் கிட்டாரும் அதன் சொந்தக்காரரிடமே போய்விடும். கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸில் அதை மடியில் கிடத்திக்கொண்டு ஊருக்குப் போனேன்.

மறுநாள் பம்புசெட்டு ரூமில் உட்கார்ந்து ஒட்டியிருந்த எழுத்துகளை ஆறு கட்டம் தள்ளி ஒட்டிப் பார்த்தேன். ஆர்மோனியத்தில் மூன்றரை என்று ஒன்று கிடையாது; கறுப்பும் வெள்ளையுமாக எண்ணினால் ஒன்றுக்கு மேல் ஆறாவதுதான் நாலரை. நடக்கவில்லை. வெறுங்கம்பியை எங்கே தள்ளுவது? அது நின்ற இடத்திலேயே நின்றது. அதுதான் சிக்கல் என்று புரிந்துகொள்ளவே ஒரு பகல் போயிற்று. வெறுங்கம்பியில் வந்த 'ப'வையே பக்கத்துக் கம்பியில் விரல் வைத்து எடுக்க முடியுமா என்று தேடினேன். முடிந்தது. 'ரி'யும் 'நி'யும் அப்படியே அகப்பட்டன. இப்போது வெறுங்கம்பியே இல்லை. நாலு விரல், நாலு கட்டம், மூன்று கம்பி. எண்ணிப் பார்த்தேன். 'ச'வுக்கும் 'ரி'க்கும் இடையில் இரண்டு கட்டம், 'ரி'க்கும் 'க'வுக்கும் இரண்டு, 'க'வுக்கும் 'ம'வுக்கும் ஒன்றே ஒன்று. பிறகு இரண்டு, இரண்டு, இரண்டு, கடைசியில் மறுபடி ஒன்று. கையை அப்படியே மேலே நகர்த்தி, நடுவிரலை ஒன்பதாம் கட்டத்தில் ஊன்றி அதே நடையை நடந்தேன். அக்கா கேட்ட நாலரைக் கட்டை, முழுசாக, ஒரு சுரம் பிசகாமல் ஏறி இறங்கியது.

பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

வாய்க்காலைத் திருப்பிவிட்டு வந்த அப்பா கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டார். "என்னய்யா, ஏறுற, எறங்குற, ஏறுற, எறங்குற. பாட்டு எப்ப வரும்?"

"இதுதாம்ப்பா பாட்டுக்குப் படி."

"படியிலயே நிக்காம மேல போய்ச் சேரு" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா நாலரையில் பாட, நான் கூடவே போனேன். சோதித்துப் பார்க்க ஐந்துக்கு ஏறினார். ஏறினேன். மூன்றுக்கு இறங்கினார். இறங்கினேன்.

"ஆத்தாடி, கால் மொளச்சிருச்சு!" என்றார் அக்கா. தோழன் என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தான்.

பள்ளத்தூரில் அக்கா பாடியதெல்லாம் நல்லபடியாகப் போயிற்று. நடுவில் மாப்பிள்ளையின் தாய்மாமா மேடையேறி மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "தம்பிகளா, நான் ஒண்ணு பாடுறேன், வாசிங்க" என்றவர், சுருதி கேட்கும் பழக்கமே இல்லாமல் எடுத்த எடுப்பில் பாடத் தொடங்கிவிட்டார். தோழன் ஆர்மோனியத்தில் தடவித் தேடி, "ரெண்டு! ரெண்டு!" என்று கிசுகிசுத்தான். நான் ஐந்தாம் கட்டத்துக்குச் சறுக்கினேன். அடுத்த சரணத்தில் அவர் குஷியாகி இரண்டரைக்குப் போய்விட்டார். நானும் ஒரு கட்டம் ஏறினேன். கீழே பந்தியிலிருந்து ஒரு ஆச்சி சத்தமாகச் சொன்னது மேடைவரை கேட்டது. "அவுக எங்கிட்டுப் போனாலும் அந்தக் கிட்டாருப் பையன் விடாமப் போறானே!"

இன்றைக்கும் எந்தப் பாட்டைக் கேட்டாலும் முதலில் அதன் 'ச' எங்கே என்று என் நடுவிரல் தேடுகிறது. அந்த விரலுக்கு இதைக் கொடுத்தவர்கள் அந்த மூன்று பேர். எவ்வளவு கொடுத்தார்கள் என்பது கல்யாணத்துக்கு மறுநாள் பணம் பிரித்தபோதுதான் தெரிந்தது. என் பங்கு மற்றவர்களுடையதைவிட அதிகமாக இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல தம்பி" என்றார் தபேலாக்காரர். "ஞாயிறு வரைக்கும் காத்திருந்தா ஆள் கெடைக்காதுன்னு, நீ ஊருக்குப் போன மறுநாளே மதுரக்காரருக்கு அட்வான்ஸ் அனுப்பிட்டோம். ஞாயித்துக்கெழம ஒன் வாசிப்பக் கேட்டுட்டு, வர வேணாம்னு தந்தி குடுத்தாச்சு."

"பணத்தத் திருப்பிக் கேக்கலையா?"

"வராதீகன்னு சொன்னது நாமதான? எந்த மொகத்த வச்சுக்கிட்டுக் கேக்குறது?" என்றார் அக்கா. "அவரு வந்திருந்தா இன்னும் நல்லாத்தான் வாசிச்சிருப்பாரு. ஆனா நீ கத்துக்கிட்டு வந்து நிக்கிறியே."

ஆளுக்குப் பத்து வீதம், என் பங்கைத் தொடாமல், அவர்கள் மூவரும் அந்த அட்வான்ஸில் விட்டது முப்பது ரூபாய்.