தலைவர் கடைசியில் வருவார்

தொண்ணூறுகளின் கடைசியில், அம்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் கதை எழுதிக்கொண்டிருந்த நாங்கள் ஐந்து பேர், இனி மாதம் ஒருமுறை இணையத்தில் கூடிப் பேசுவது என்று முடிவு செய்தோம். ஆளுக்கொரு மூலையிலிருந்து பேருந்தில் அலைய வேண்டாம் என்பதுதான் காரணம். அதைத் திட்டமிடுவதற்காக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பேருந்தில் அலைந்தோம்.

கூடிய இடம் அம்பத்தூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். தலைவர் ஆவடியில் இருந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்; சரித்திர நாவல்கள் எழுதுவார். எந்த நூற்றாண்டாக இருந்தாலும் முதல் மூன்று பக்கம் நிலா காயும். செயலாளர் வங்கி ஊழியர். மூன்றாமவர் பூந்தமல்லியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய். அவர் எழுதிய கதைகளைவிட எழுதப்போவதாகச் சொன்ன கதைகள் அதிகம். நான்காமவர் பாடியில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டுபவர். நான் காட்டுப்பாக்கத்தில் குடியிருந்தேன், ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். அதனால் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை என்னுடையது.

முதல் ஞாயிறு முழுவதும் எழுத்துப் பிரச்சினையில் போயிற்று. அன்றைக்கு ஒரு பிரவுசிங் சென்டரில் அடித்த தமிழ் இன்னொரு சென்டரில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கலாம் என்றார் செயலாளர். அதற்கு எழுதாமலே இருந்துவிடலாம் என்று தலைவர் அரை மணி நேரம் பேசி, பிறகு சம்மதித்தார். இரண்டாம் ஞாயிறு, இணையத்தில் நாங்கள் கூடப்போகும் இடத்துக்கு அரட்டை அறை என்ற பெயர் கௌரவமாக இல்லை என்பதால் குறிப்பேட்டில் அரங்கம் என்று எழுதத் தீர்மானித்தோம். மூன்றாம் ஞாயிறுதான் முக்கியமான கேள்வி வந்தது. யார் முதலில் உள்ளே போவது? தலைவர் கடைசியில் வருவார் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்தக் கூட்டத்திலும் அவர் அப்படித்தான் வருவார். தலைவருக்கு முந்தியவர் யார் என்பதில்தான் செயலாளருக்கும் பாய்க்கும் முகம் சுருங்கியது. கடைசியில், கதையை எழுதியவர் மாலை ஆறரைக்குப் போவார், மற்றவர்கள் அவரவர் தகுதிக்கேற்ப ஏழு மணிவாக்கில் போவார்கள் என்று பொதுவாக எழுதி வைத்தேன்.

முதல் மாதத்துக்கு லேத்காரரின் கதை. மூன்று வாரம் முன்னதாகவே ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தார். அவருக்கு அது பொழுதுபோக்கு அல்ல. நகரத்து மாத இதழ் ஒன்று அவர் அனுப்பிய நான்கு கதைகளையும் பிரிக்காமலே திருப்பியிருந்தது. அதன் ஆசிரியர் எங்கள் தலைவரின் பழைய மாணவர். தலைவரின் கடிதத்தோடு போனால் நிச்சயம் படிப்பார். குழுவில் விவாதிக்காத கதைக்குக் கடிதம் தருவதில்லை என்பது தலைவரின் விதி.

அரங்கம் நடக்க வேண்டிய சனிக்கிழமை லேத்காரர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஒரு சென்டரில் போய் உட்கார்ந்தார். நான் காட்டுப்பாக்கத்தில் ஒரு சென்டரிலிருந்து ஏழேகாலுக்கு எட்டிப் பார்த்தேன். உள்ளே அவர் பெயர் மட்டும் இருந்தது. செயலாளரே வராதபோது குறிப்பு எழுதுகிறவன் முந்திக்கொள்வது சரியாக இருக்காது என்று வெளியே வந்து டீ குடித்தேன். திரும்பிப் போனபோது இணைப்பு கிடைக்கவில்லை. பெரிதாக முயற்சியும் செய்யவில்லை.

மறுவாரம் இன்ஸ்டிடியூட்டில் கூடினோம். முதல் அரங்கம் சிறப்பாக நடந்தது என்று தலைவர் தொடங்கினார். இதுபோன்ற ஆழமான விவாதத்தைத் தான் கண்டதில்லை என்றார் செயலாளர். தான் பாதியில் கிளம்ப வேண்டியதாகிவிட்டது என்று பாய் வருத்தப்பட்டார். நானும் பாதியில்தான் கிளம்பினேன் என்றேன். மற்றவர்கள் எல்லாம் இருந்திருக்கிறார்கள், நான் மட்டும்தான் இல்லை என்று நினைத்தேன். ஆளாளுக்கு அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

ஏற்புரைக்கு லேத்காரர் எழுந்தார். எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஐயா, கதை ஆரம்பத்துல வர்ற மழை தேவையில்லன்னு சொன்னீங்க. அத்த எட்துட்டேன்."

தலைவர் கண்ணை மூடித் தலையசைத்தார். "அந்த மழை எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது தம்பி. வர்ணனையில சிக்கனம் வேணும்."

நிலாவுக்கு மூன்று பக்கம் கொடுப்பவர் இதைச் சொன்னார். செயலாளர் சொன்னபடி மாமியார் பாத்திரத்தைக் குறைத்துவிட்டதாகவும், பாய் சொன்னபடி கோயில் காட்சியை மாற்றிவிட்டதாகவும் லேத்காரர் தொடர்ந்தார். இருவரும் அடக்கத்தோடு சிரித்தார்கள். பெண்டாட்டி பேசும் வசனம் சினிமாத்தனமாக இருப்பதாக நான் சொன்னேனாம். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. இருந்தும், மற்றவர்கள் முன்னால், தலையை ஆட்டினேன். குறிப்பேட்டிலும் எழுதினேன். தலைவர் அங்கேயே கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் லேத்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா அண்ணாத்தே, நான் ஒர்த்தன்தான் உள்ள குந்திகினு இருந்தேன். நீ வந்தா ஸ்க்ரீன்ல பேர் வருது, போனா போய்ட்டாருன்னு வருது. நாலு பேரும் வந்தீங்க, நாலு பேரும் போய்ட்டீங்க."

அங்கேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா லெட்டர் தருவாரா?"

அப்படியென்றால் அந்தத் திருத்தங்களெல்லாம் அவராக யோசித்தவையா என்று கேட்டேன்.

"இன்னா திருத்தம்? கதைல மழையே கெடையாது. மாமியார் கெடையாது, கோயில் கெடையாது. அவன் கல்யாணமே ஆவாதவன், அண்ணாத்தே. பெண்டாட்டி எங்கேர்ந்து வந்தா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. என் பையில் இருந்த ஜெராக்ஸைக் காட்டி, "இப்பனாச்சும் படி" என்றார்.

பூந்தமல்லி பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கதையைப் பிரித்தேன். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போன ஒருவன், அதே வருடம் கம்பெனி விழாவில் சிறந்த தொழிலாளிக்கான பரிசாகக் கைக்கடிகாரம் வாங்குகிறான். ஆறு பக்கம். ஒரு சொல் கூடுதல் இல்லை, கடைசிப் பத்தியைத் தவிர. அதில் அவன் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துப் பார்க்கிறான், முடியவில்லை. அது வாசகனுக்கே தெரியும், அந்தப் பத்தி வேண்டாம் என்று எனக்குப் பட்டது.

அடுத்த நாள் மாலை, இரவு ஷிப்டுக்குப் போகுமுன் பாடியில் இறங்கி, தொழிற்சாலை வாசலில் காத்திருந்து அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நான் பேப்பரில் செய்தியை வெட்டுகிற பழக்கத்தில் பேசுவதாகச் சொன்னார். வேலை முடிந்து வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போக, முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம். அவர் இறங்கி வரவில்லை.

கதை மூன்று மாதம் கழித்துக் கடைசிப் பத்தியோடு வெளிவந்தது. அச்சில் படித்தபோது அது இருக்க வேண்டிய பத்திதான் என்று தெரிந்தது. தலைவர் கூட்டத்தில் இதழைத் தூக்கிக் காட்டி, மழையை எடுத்ததால் கதை எப்படி நிமிர்ந்துவிட்டது பாருங்கள் என்றார்.