அக்கா போட்ட கூட்டல் குறிகள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு எங்கள் அக்கா என்ன வேலை பார்த்தார் என்பது சரியாகத் தெரியாது. "கம்ப்யூட்டர்ல ஏதோ பழைய எழுத்தைப் பாப்பாக" என்பீர்கள். முதலாம் ஆண்டு நினைவு நாளிலாவது சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அழுதுகொண்டு எழுதவில்லை. ஓராண்டாக எனக்கு உள்ளே மரத்துத்தான் கிடக்கிறது.

அக்கா பிறந்தது பரவையில். அப்பாவுக்கு மார்க்கெட்டில் காய்கறிக் கடை. அவர் திடீரென்று இறந்தபோது அக்கா கல்லூரியில் இருந்தார். படிப்பை நிறுத்தி, டியூஷன் எடுத்து என்னை ஆளாக்கினார். வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தார். நான் அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்த பிறகுதான் விட்ட படிப்பைத் தொட்டார். பாலி மொழியில் தொடங்கி காந்தாரிக்குப் போனார். இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கம் ஒரு காலத்தில் வழங்கி மறைந்துபோன மொழி அது. அதில் புத்த பிக்குகள் மரப்பட்டையில் எழுதிய சுவடிகள், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழையவை, பானைகளுக்குள் நொறுங்கிய நிலையில் கிடைத்திருக்கின்றன. அவற்றின் படங்களை வில்லாபுரம் வீட்டு மாடியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, வலமிருந்து இடமாக, எழுத்தெழுத்தாக அக்கா படித்தார்.

"நொறுங்குன அப்பளம் மாதிரி கிடக்கு, இதையா படிக்கிற?" என்பார் அம்மா. அழிந்துபோன ஒவ்வோர் எழுத்துக்கும் அக்கா ஒரு கூட்டல் குறி போடுவார். அந்தத் துறையின் வழக்கம் அது. அம்மாவுக்கு அது பொறுக்காது.

"ஏத்தா, என்ன அம்புட்டும் கூட்டல் கணக்கா இருக்கு? நல்ல வார்த்தையா ஒண்ணு போட்டு நிரப்பிவிடேன்."

"இல்லாததை எப்படிம்மா எழுத? நான் நிரப்பிட்டா, பின்னாடி வாரவுக அதைத்தான் நெசம்னு நம்புவாக."

போன ஆண்டு அக்காவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. ஐசியூவுக்குள் எங்களை விடவில்லை. நானும் அம்மாவும் வெளியே நாற்காலியில் இருந்தோம். ஒரு காலையில் கூப்பிட்டுச் சொன்னார்கள். அன்றிலிருந்து அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "கடைசில வலிச்சிருக்குமாப்பா? நம்மளத் தேடியிருப்பாளா?" எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை.

"தூக்கத்துலயே நிம்மதியாப் போயிருச்சுன்னு எழுது மாப்ள, உங்கம்மா மனசு ஆறும்" என்றார், அம்மாவின் தம்பியான எங்கள் மாமா. அப்படியே எழுதினேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவிடம் வாசித்தேன். அந்த வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"நீ பாத்தியா?"

"இல்லம்மா."

"யாராச்சும் பாத்தாகளா?"

"இல்ல."



"அப்ப அடிச்சிரு. அவ போடுற மாதிரி கூட்டல் போட்டுவிடு."

அதற்குப் பிறகு அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்த முகம் தெரியாதவர்களுக்கும், சுடுகாடு வரை நடந்து வந்த வில்லாபுரம் தெருக்காரர்களுக்கும், பட்டறையைப் பூட்டிவிட்டு என்னுடன் நின்ற தொழிலாளத் தோழர்களுக்கும், அக்கா பாதியில் விட்ட பக்கங்களை இப்போது படித்துக்கொண்டிருக்கும் அவருடைய ஆய்வு நண்பர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். உங்களில் யாருக்காவது ஏதேனும் தெரிந்திருந்தால் மட்டும் சொல்லுங்கள். அக்காவின் கடைசி நேரத்தைப் பற்றி எங்களிடம் இருப்பது இவ்வளவுதான்:

\+ + + + + + +