நான் நிமிர்த்திய கிழக்குச் சுவர்

கோபுரத்துக்குக் கிட்டத்தில் நின்று அண்ணாந்து படமெடுத்தால் அது பின்பக்கம் சாய்ந்துவிடும். எங்கள் ஊரில் தள்ளிப்போய் நிற்கவும் இடமில்லை. பூக்கடை, பாத்திரக்கடை, மாடு, ஆட்டோ, மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருக்கும் வெளியூர்க்காரர்கள் எல்லாரையும் தாண்டி, முதுகு சுவரில் இடிக்கும்வரை பின்னால் நகர்ந்து, அகல லென்ஸைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்த படத்தில் பதினோரு நிலையும் மல்லாந்து விழப்போவது போலிருக்கும். பக்கத்து விளக்குக் கம்பமும் கூடவே சாயும். நேராக நிற்பதெல்லாம் படத்தில் சாயும், சாய்ந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் நிமிர்த்திவிடலாம்: பன்னிரண்டு வயதில் உலகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் மாமா, அம்மாவின் தம்பி, தேரடிக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கிப் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். வெள்ளிக்கிழமை அதற்கு ஊதுவத்தியும் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு, அம்மா வேலையிலிருந்து வரும்வரை எனக்கு அங்கேதான் இருப்பு. மாமா படத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளை விரிப்பார். விளக்குக் கம்பம் ஒரு கோட்டோடு ஒட்டும்வரை படத்தின் மேல்மூலைகளை மௌஸால் பிடித்து இழுப்பார். யாரும் சொல்லித்தரவில்லை, பொரி தின்றுகொண்டே பார்த்தேன், பார்த்ததே போதுமாயிருந்தது.

அளவு தப்பினால் வம்பு. கோபுரம் மேலே போகப்போகத் தானே குறுகுவது. கம்பத்தை விட்டுவிட்டுக் கோபுரத்தின் விளிம்பையே கோட்டில் ஒட்டவைத்தால் உச்சி ஊதிவிடும். நான் முதன்முதலாக நிமிர்த்திய கோபுரத்தைப் பார்த்த படக்கடைக்காரர், "இன்னா சார், கோபுரத்துக்குத் தல வீங்கின மாதிரி இருக்குது, எதனா வைத்தியம் பாக்கணுமா?" என்றார். மாமா சிரித்தார். நான் ஸ்கிரீன் துணிக்குப் பின்னால் போய் அழுதேன். ஆனால் சில மாதங்களில் கல்யாண மண்டபங்கள், லாட்ஜுகள், வேங்கிக்காலில் புதிதாக எழும்பிய வீடுகள் எல்லாம் என் கையில் நிமிர்ந்தன. எந்தச் சாய்வைப் பார்த்தாலும் எனக்கு விரல் துறுதுறுத்தது. சாய்வு என்றாலே அது லென்ஸின் பொய் என்று நம்பினேன்.

அத்தை, அப்பாவின் தங்கை, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் மோர்ப்பானை வைத்து விற்பாள். வீடு பெரியப்பாவின் பெயரில். அவர் மஸ்கட்டில் இருந்தார். பக்கத்து மனையில் யாரோ லாட்ஜ் கட்டக் கடைக்கால் தோண்டினார்கள், ஆள் உயரத்துக்கும் மேலே ஆழம். மண் இளகி, அத்தை வீட்டுக் கிழக்குச் சுவர் அந்தப் பள்ளத்தைப் பார்த்துச் சாய ஆரம்பித்தது. மழைக்கு முன்னால் இடித்துக் கட்டிவிட வேண்டும், ஆனால் வீட்டுக்காரர் வாய்திறந்து சொல்லாமல் கைவைக்க மாட்டேன் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். பெரியப்பாவோ சொல்லவில்லை. தம்பியும் தங்கையும் கூடிக்கொண்டு இடத்தை வளைக்கப் பார்க்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். முதலில் போட்டோ அனுப்புங்கள், கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டாராம்.

இதில் ஒரு வார்த்தையும் எனக்குத் தெரியாது. பெரியவர்கள் சொத்து பேசும்போது பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வருஷம் தேவைக்கு மேலேயே தீப்பெட்டி வாங்கி வந்தேன்.

மாமாதான் போய்ப் படமெடுத்தார். குறுகல் சந்து, அதே அகல லென்ஸ். அந்த லென்ஸில் தெரியும் சாய்வை யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால் கொத்தனாரின் தூக்குக்குண்டை வாங்கி, கூரை விளிம்பிலிருந்து நூலில் தொங்கவிட்டு எடுத்திருந்தார். நூல் நேராக இறங்க, சுவர் அதைவிட்டு விலகி நிற்பது குழந்தைக்கும் புரியும். படத்தை ஸ்கேன் செய்து வைத்துவிட்டு, கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். வண்டியை உதைத்துக்கொண்டே, "பாப்பா, அத்த வூட்டுப் படம் கம்ப்யூட்டர்ல இருக்குது. பிரிண்ட் போட்டுப் பெரியப்பாவுக்கு போஸ்ட் பண்ணிடு. அட்ரஸ் நீயே எழுது, உன் இங்கிலீஷ் எழுத்துதான் பாக்கற மாதிரி இருக்கும்" என்றார். எதையும் தொடாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

திறந்தேன். வீடு கோணலாக நின்றது. ஆறு வருஷமாகச் சொந்த வீட்டைப் பார்க்காத மனிதர், பாவம், இப்படியா பார்க்க வேண்டும்? கோடுகளை விரித்தேன், மூலையைப் பிடித்துத் தள்ளினேன். அண்ணாந்து எடுத்தால் கட்டடம் உள்பக்கமாகத்தான் சாயும். இந்தச் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அத்தனை படங்களை நிமிர்த்திய கைக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. சுவர் கோட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. இப்போது நூல் கோணலாகிவிட்டது. காற்றில் ஆடியிருக்கும் என்று நினைத்தேன். பக்கத்திலிருக்கும் சுண்ணாம்பின் நிறத்தை எடுத்துப் பூசுகிற கருவியால், மேலிருந்து கீழாக, நூலைத் தடவித் தடவி அழித்தேன். பிறகு குண்டை. ஒரு விரிசல் இருந்தது, கையோடு அதையும். தெருவில் வெயில் தாழ்ந்தபோது மஞ்சள் பூசிக் குளித்தவள் மாதிரி அந்த வீடு திரையில் நின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிரிண்ட் எடுத்து, அழகாக விலாசம் எழுதி, தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டு, உள்ளே விழுந்த சத்தம் கேட்டதா என்று காது கொடுத்துவிட்டு வந்தேன்.

பெரியப்பாவின் ஃபோன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அத்தை அதற்காகவே எங்கள் வீட்டுக்கு வந்து காத்திருந்தாள். ரிசீவரைத் தாண்டி அவர் குரல் கூடமெல்லாம் கேட்டது. "செவுரு கோடு போட்ட மாதிரி நின்னுக்கினு இருக்குது. யார ஏமாத்தறீங்க?"

"ணா, நல்லா பாத்தியாணா?" என்றாள் அத்தை. அதற்குள் வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மாமா கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தார். நான் பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்திருந்தேன். திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "நீயா பாப்பா?" என்று கேட்டார். கோபமில்லாத குரல். அதனாலேயே பயம் வந்தது. இல்லை என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்று இப்போது நினைத்துக்கொள்வதும் ஒரு சாமர்த்தியம்தான். கேட்காமலேயே சொல்ல எனக்கு எத்தனையோ நாள் இருந்தது.

நெகட்டிவிலிருந்து வேறு பிரிண்ட் போட்டு, நூலும் குண்டும் விரிசலுமாக மாமா திரும்ப அனுப்பினார். முதலில் நேராக வந்த சுவர் இரண்டாவதில் சாய்ந்து வந்ததும் பெரியப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தம்பியின் மச்சான் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான், இஷ்டத்துக்குச் சாய்க்கிறான். அதன்பிறகு அவர் ஃபோனையே எடுக்கவில்லை. உண்மையான படம்தான் திருட்டுப்படம் ஆனது.

கார்த்திகை மழை விடாமல் பெய்தது. ஒருநாள் பகலில், கிழக்குப் பக்கம் அடுக்கியிருந்த விறகை நனையாமல் எடுத்து வைக்க அத்தை போனபோது சுவர் சரிந்து அவள்மேல் வந்துவிட்டது. உயிர் தப்பியது. இடுப்பெலும்பு தப்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுப் பின்னறைக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள்.

பெரியப்பா வந்தார். விமானத்தில் வந்த சட்டையோடு அத்தையின் கட்டிலடியில் தரையில் உட்கார்ந்து அழுதார். நான்தான் கொன்றுவிடப் பார்த்தேன், நான்தான் என்று சொல்லிச் சொல்லி அழுதார். பிறகு பையிலிருந்து இரண்டு படங்களையும் எடுத்துக் கட்டிலில் வைத்து, இதில் எது யார் செய்த வேலை என்று கேட்டார். மாமா வாசற்படியில் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் காது இரண்டும் சுட்டன. அம்மாவின் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். அத்தை மட்டும் ஒருமுறை என்னைப் பார்த்தாள்.

"மொதோ படம் நான் சொல்லித்தான் அப்டி பண்ணாங்க ணா. கோணலா கீற வூட்ட உனக்குக் காட்ட வெக்கமா இருந்துச்சு" என்றாள்.

அத்தையின் அந்த ஒரு பேச்சில் பெரியப்பாவின் அழுகை நின்றது. அவர் அந்த முறை ஊரில் இருந்ததே சில நாட்கள்தான். போவதற்குள் வீட்டையும் இடத்தையும் லாட்ஜ்காரர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். பொய் சொல்லித் தன்னைத்தானே கெடுத்துக்கொண்டவள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். அண்ணனும் தங்கையும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. அத்தையின் சாவுக்கும் அவர் வரவில்லை. அத்தை கோலூன்றிப் பின்னறைக்கும் கொல்லைக்குமாக நடந்த அத்தனை வருஷத்தில் ஒருநாளும் என்னிடம் அந்தப் படத்தைப் பற்றிப் பேசியதில்லை. நானும் பேசவில்லை.

ஆனால் அன்று, அந்த அறையில், இதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? தப்பித்துவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், முகம் இறுகியது; அழுகிற மனிதரைவிடக் கோபமாயிருக்கும் மனிதரைப் பார்ப்பது எனக்கு எளிதாக இருந்தது. கோபந்தானே, ஆறிவிடும். காது சூடு தணிந்தது, பசிப்பது போலிருந்தது. அவர் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தில் இன்னும் ஒன்று எடுத்துக்கொள்ளட்டுமா என்று அம்மாவின் காதில் கேட்டேன்.